கண் வைக்காத ஒல்லாந்தர்கள்

கபூர் நானா படத்தைக் கையில் வாங்கினார். தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, தன் கடையில் கருவாட்டின் வயிற்றை விரித்துப் பழுது தேடுகிற அதே முகபாவத்தோடு படத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை பரிசோதித்தார்.

"ஆள் நல்ல மனுசனாத்தான் தெரியுது சேர்," என்றார் கடைசியில். "எந்த ஊரு?"

"நானா, இது உங்கட வாப்பா."

"எங்கட வாப்பாவா?" அவர் படத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கட வாப்பா மன்னாரில வள்ளத்தில தொழிலுக்குப் போன மனுசன் சேர். இவரு கப்பல்ல வந்து எறங்கினவரு மாதிரி இரிக்கிறாரு."

என் மனைவி பரீதா குசினிக்குள் இருந்து சிரித்தது கேட்டது. தேத்தண்ணிக் கோப்பைகளும் சேர்ந்து சிரித்தன. நானும் சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

கபூர் நானாவின் தங்கை ஹலீமா ராத்தா பக்கத்துக் கதிரையில் இருந்தா. அவ சிரிக்கவில்லை. தமையனின் மடியில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தா. பிறகு தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தா. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"வாற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச கையோட லொறி வருது தம்பி," என்றா. "அதுக்குள்ள ஏலுமா?"

ஒரு வாசகரின் கவலை

அந்தத் தாளை அப்படியே மடியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இந்தத் தொடரைப் படிக்கிற அன்பர் ஒருவர் போன வாரம் சந்தையில் என்னை வழிமறித்தார். "நீந்தப் பழகினீங்க, தாண்டு போனீங்க. கோழி வளத்தீங்க, செத்துப் போச்சு. உங்களுக்கு ஒழுங்கா வந்த வேல ஒண்டுமே இல்லையா சேர்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவருக்காகத்தான் இந்த வாரம் ஓவியம். இதுவும் ஒழுங்காக வரவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதியில் ஏமாந்தேன் என்று மறுபடி சந்தையில் மறிக்கக் கூடாது.

வடக்கில் சண்டை முடிந்த பிறகு எங்கள் கற்பிட்டிக்கு இரண்டு விதமான காற்று வீசத் தொடங்கியது. ஒன்று, எப்போதும் வீசுகிற, வெங்காயச் சருகையும் கருவாட்டு வாசத்தையும் சுமந்து வருகிற காற்று. மற்றது அதே காற்றுத்தான். ஆனால் அதைத் தேடி வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, களப்பில் பறந்தார்கள். இந்தக் காற்றில் சேட்டு பறக்கிறது, கூரைத் தகரம் பறக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சலித்துக்கொண்டிருந்தோம். அதற்கு டிக்கட் எடுத்து வருவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மச்சான் ஒருவர் உடனே ஓலைக் குடில் நாலைந்து போட்டு விடுதி திறந்தார். அதில் தங்கிய ஒரு தாடிக்காரர் போகும்போது தடித்த புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். மச்சான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"இந்தாங்க மச்சான். முழுக்கக் கெழவன் கெழவி. ஒரு சீனரி கூட இல்ல. படிச்ச மனுசனுக்குத்தான் இது சரி."

அப்படித்தான் முந்நூறு, நானூறு வருசத்துக்கு முந்திய பெரிய ஓவியர்கள் எல்லாரும் ஒரு வர்த்தக ஆசிரியரின் வீட்டு அலுமாரிக்குள் குடிவந்தார்கள்.

உஸ்தாத்மார்

புத்தகம் எனக்குத் தெரியாத பாஷையில் இருந்தது. அதனால் அதை முழுமையாக நம்பினேன். பக்கத்துக்குப் பக்கம் முகங்கள். கரியால் கீறியவை, பாஸ்டல் கட்டியால் பூசியவை, செம்மண் நிறத்தில் ஒரு வகைக் கட்டியால் கீறியவை. கீறியவர்களின் பெயர்களை வாசிக்க முயன்று நாக்குச் சுளுக்கியதால், எல்லாரையும் பொதுவாக 'உஸ்தாத்மார்' என்று அழைக்கத் தொடங்கினேன். அவர்களிடம் ஓதப் பழகுகிற மாணவன் நான்.

பழகும் முறை ஒன்றுதான்: பார்த்தெழுதுதல். உஸ்தாத் எங்கே கோடு போட்டாரோ அங்கே கோடு. எங்கே விட்டாரோ அங்கே விடு. பரீட்சை மண்டபத்தில் முன் வாங்கில் இருப்பவனைப் பார்த்தெழுதுகிற பிள்ளைகளைக் காதில் பிடித்துத் தூக்குகிறவன் நான். அதே நான் பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மூன்று நூற்றாண்டு தள்ளிய முன் வாங்கை எட்டி எட்டிப் பார்த்தேன்.

கரிக்குச்சிக்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை என்று மூளை சொன்னது. பூவரசங் குச்சிகளைச் சீவி, பால்மா பேணிக்குள் அடைத்து, மூடியில் சின்ன ஓட்டை போட்டு அடுப்புக்குள் வைத்தேன். பொறுமை போதவில்லை. சூட்டோடு பேணியைத் திறந்ததும் உள்ளே இருந்த குச்சிகள் காற்றுப் பட்டுப் பக்கென்று பிடித்துக்கொண்டன. என் மீசையின் இடப்பக்கம் முதலாவது பலி. அடுத்த நாள் வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு மரியாதையான வகுப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

செந்நிறக் கட்டியைக் கொழும்பில் இருந்துதான் எடுப்பித்தேன். அதற்கு வெள்ளைக்காரர் வைத்திருக்கிற பெயரே இரத்தத்தைக் குறிக்கிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். மனிதத் தோலின் கதகதப்பை அதைப்போல் வேறொன்றும் காட்டாதாம். நான் அதே பெருமையோடு பரீதாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி, விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, இது ஓட்டுத் துண்டு."

"இல்ல புள்ள. இது வெளிநாட்டுச் சாமான்."

"வெளிநாட்டு ஓட்டுத் துண்டு."

கோடிப்புறத்தில் கிடந்த உடைந்த ஓட்டை எடுத்து நானும் இரகசியமாகக் கீறிப் பார்த்தேன். தாள் கிழிந்தது. இந்த வெற்றியை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரகசியமாகக் கீறிப் பார்த்ததும் வெளிவந்திருக்கும்.

ஆனால் உண்மையான சண்டை பேக்கரிப் பாணில்தான் வந்தது. கரிக்கோட்டை அழிப்பதற்கு உஸ்தாத்மார் பாணின் வெள்ளைச் சதையைத்தான் பாவித்தார்களாம். இதைச் சொன்னவரும் அதே கடைக்காரர்தான். பிய்த்து உருட்டி ஒற்றி எடுத்தால் கரி அப்படியே ஏறி வந்துவிடுகிறது. அழிறப்பர் அதற்குக் கிட்டவும் நிற்காது.

"திங்கிற பாண வெச்சா மூஞ்சி அழிக்கிறீங்க? அல்லா கேப்பான்," என்றாள் பரீதா.

அல்லாஹ் கேட்பதற்கு முன் என் வயிறே கேட்டுவிட்டது. ஒரு நாள் காலை, பருப்புக்கறியில் தோய்த்துத் தின்றது எந்தப் பாண் என்று கண்ணாடியில் பல்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கீறி முடித்த படத்தின் தூள் உதிராமல் இருக்க மேலே ஒன்று தெளிக்க வேண்டும். பரீதாவின் கனமூலை ஊர்க் குடும்பத்தில் நடந்த ஒரு கலியாணத்தில் மணப்பெண்ணின் தலைக்கு அடித்து மிஞ்சிய ஸ்பிரேப் போத்தல் கைவசம் இருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் தாடி வைத்த ஒல்லாந்தர்கள் எல்லாரும் புதுப்பெண் வாசத்தோடு இருந்தார்கள்.

கண் விவகாரம்

ஒல்லாந்தர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், புத்தகத்தில் எனக்குக் கைவந்தது ஒரே ஓர் ஆள்தான். கழுத்தைச் சுற்றி அப்பம் மாதிரி வெள்ளைக் கொலர் வைத்த ஒரு ஒல்லாந்துக் கிழவர். இடப்பக்கம் திரும்பியிருப்பார். நீண்ட மூக்கு. எதையோ இழந்துவிட்டுக் கணக்குப் பார்க்கிற முகம். அவரைத் திரும்பத் திரும்பக் கீறினேன். மற்ற முகங்களைக் கீறினாலும் அவர்தான் வந்தார். கிழவியைக் கீறினால் கிழவர் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். ஹொலண்டில் இருந்து வந்து எங்கள் ஊரில் கோட்டையைக் கட்டி, கடலைப் பூட்டி, கடைசியில் இங்கிலீசுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போன ஒல்லாந்தர்கள், என் கரிக்குச்சி வழியாக மறுபடி ஒவ்வொருவராகக் கரையிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

உயிருள்ள முகத்தைக் கீற ஒரே ஒரு தடவை முயன்றேன். மீன்வாடியடியில் நின்று பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் தலையை அளந்தேன். அப்படித்தான் அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருந்தது. "சேர், யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்று சத்தம் வந்தது. வாடி முழுதும் திரும்பிப் பார்த்தது. அளக்கப்பட்டவர் எழும்பி வந்து, "என்ன சேர், வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று தோளில் கைபோட்டார். அன்றோடு உயிருள்ளவர்களைக் கைவிட்டேன். அவர்கள் அசைகிறார்கள். கதைக்கிறார்கள். உஸ்தாத்மாரின் ஆட்கள் முந்நூறு வருசமாக ஒரு இருமல்கூட இருமவில்லை.

மீன்வாடிக் கதை தேத்தண்ணிக் கடைக்குப் போய், அங்கே மார்க்கப் பிரச்சினையாக வளர்ந்தது. முகம் கீறலாமா, கூடாதா? மரம் மட்டும் கீறலாம் என்றார் ஒருவர். கழுத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டால் உயிருள்ளதாகக் கணக்கில்லை என்றார் இன்னொருவர். கழுத்தில் கோடு போடச் சொன்னவரே அந்த வாதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தன் முகத்தையும் ஒரு மூலையில் சேர்த்து, உடனுக்குடன் உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசல் ஹஸரத் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "கீறாம இருக்கிறதுதான் பேணுதல் சேர். கண் வெக்காட்டிப் பரவாயில்ல எண்டு செல்ற ஆக்களும் இரிக்காங்க. மிச்சத்த உங்கட மனசுக்கிட்டக் கேளுங்க." அவருடைய தொலைபேசியில் முகப்புப் படம் ஒரு ரோஜாப்பூ. சொன்னபடி நடக்கிற மனிதருடன் வாதாடுவது மிகவும் கஷ்டம்.

மிச்சத்தை என் மனசு வரைக்கும் பரீதா போகவிடவில்லை. "இந்த வீட்டில கண் வெச்ச மூஞ்சி ஒண்டும் இரிக்கப்படா," என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கும் வசதியாகத்தான் போயிற்று. கண்தான் எனக்கு வராத இடம். ஒன்று மேலே ஏறும், மற்றது காதுக்குப் போகும். அது முதல் என் ஒல்லாந்தர்கள் புருவம் வரை வந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழலோடு நின்றுவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அலுமாரியைத் திறந்த பரீதா, "கண்ணில்லாமப் பாக்கிறது கண்ணால பாக்கிறதவிடப் பயமா இரிக்கி," என்று அவர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அலுமாரிக்குள் எல்லாரும் தண்டனை பெற்ற மாணவர்கள்போல் நின்றார்கள்.

அந்த அலுமாரி திறந்திருந்த ஒரு நாளில்தான் கபூர் நானா கருவாட்டுப் பையோடு வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். சேர் மனுசர்மாரைக் கீறுவாராம் என்று தங்கையிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

றாத்தல் பாண்

இனி அந்த மடியில் கிடக்கிற தாளுக்கு வருவோம்.

கபூர் நானாவும் ஹலீமா ராத்தாவும் தொண்ணூறில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்களோடு வந்தவர்கள். வாப்பா அதற்கு முன்பே ஊரில் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய படம் ஒன்று தொங்கியதாம். வெளிக்கிட்ட அவசரத்தில் குர்ஆனையும் கைப்பிள்ளையையும் தூக்கியவர்களுக்குச் சுவரைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. இப்போது சண்டை முடிந்து, காடு பிடித்த வளவுகளை ஒவ்வொருவராகத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்தாவின் மகன் வாப்பாவின் வளவில் தகரக் கொட்டில் போட்டுவிட்டான். கபூர் நானாவுக்கு இங்கே கடை இருக்கிறது, அவர் வரவில்லை. ராத்தா அந்த வெள்ளிக்கிழமை லொறியில் போகிறா. கையில் கொண்டுபோக, தான் சொன்ன அடையாளங்களை வைத்து வாப்பாவின் முகத்தைக் கீறித் தரும்படி அவதான் கேட்டிருந்தா.

"முந்தி கண்ண மூடினா வாப்பா வருவாரு தம்பி," என்றா ராத்தா. "இப்ப மூடினா வேற ஆக்கள் வாறாங்க. டீவியில வாற ஆக்கள். நேத்து செய்தி வாசிக்கிற மனுசன் வந்தாரு. ஊருக்குப் போய் அந்தக் கெணத்தடியில நிண்டு நான் யார நெனைக்கிறது?"

செய்தி வாசிப்பவருக்குப் பதிலாக அவவுக்கு நான் ஓர் ஒல்லாந்தரைக் கொடுத்திருந்தேன்.

"செல்லுங்க ராத்தா, திருத்துவோம்," என்று கரிக்குச்சியை எடுத்தேன்.

"மூக்கு இவ்வளவு நீட்டமில்ல," என்றார் கபூர் நானா.

"நீட்டந்தான் நானா. நீங்க அப்ப கொழும்புக் கடையில இருந்தீங்க. கடைசிக் காலத்தில நான்தான் பக்கத்தில."

"கடைசிக் காலத்தில மூக்கு வளருமா ஹலீமா?"

"மனுசன் மெலிஞ்சா மூக்கு வளரும்."

நான் மூக்கைக் குறைத்தேன், ராத்தா நீட்டினா. தாடியைக் கூட்டினேன், நானா வழித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு உருண்டை பாண். கன்னம், நெற்றி, நாடி எல்லாம் பாணோடு பாணாகப் போய்க்கொண்டிருந்தன. அழிக்க அழிக்க அந்த அப்பக் கொலர்க் கிழவர் அடியில் இருந்து மறுபடி மறுபடி எழும்பி வந்தார். எனக்கு வேறு முகம் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் என் கை எனக்குச் சொல்லித் தந்தது. இவ்வளவு காலமும் விடைகளைப் பார்த்தெழுதியிருக்கிறேன். கேள்வியை ஒரு நாளும் வாசித்ததில்லை.

பரீதா வாசலுக்கு வந்து மேசையைப் பார்த்தாள். "ஒரு றாத்தல் பாணும் முடிஞ்சிது. இன்னம் ஒரு மூக்கு வரல்லியா?"

தாளின் நடுவில் கறுப்பாக ஒரு கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது.

"கண்ண எப்பிடி வெப்பீங்க தம்பி?" என்று ராத்தா மெல்லக் கேட்டா.

நான் பரீதாவைப் பார்த்தேன். பரீதா நிலத்தைப் பார்த்தாள்.

ராத்தாவே அவளைக் காப்பாற்றினா. "வேணாம் தம்பி. எனக்கும் அல்லாவுக்குப் பயந்தான். கண்ண வெக்கச் செல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்தா. "வெச்சாலும் சரியா பிழையா எண்டு எனக்கு எங்க தெரியப்போகுது? வாப்பாட கண்ண நான் பாத்ததே கொறவு. விடியச் சாமத்தில கடலுக்குப் போற மனுசன். வந்து சோத்தத் திண்டுட்டுப் படுத்திருவாரு. நான் பக்கத்தில இருந்து ஓலை விசிறியால மொகத்தில மொய்க்கிற இலையான் வெரட்டுவேன். அந்த மொகத்தத்தான் நாளும் பொழுதும் பாத்தேன். நித்திர கொள்ற மொகம்."

புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். உஸ்தாத்மாரின் ஆட்கள் எல்லாரும் முழித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர்கூடக் கோழித் தூக்கம் போடவில்லை. பார்த்தெழுத ஒரு வரிகூட இல்லை.

"நித்திர எனக்குக் கீறத் தெரியாது ராத்தா," என்றேன்.

அவ தலையை மட்டும் ஆட்டினா.

பகல் சோற்றுக்குப் பிறகு

எங்கள் பகுதியில் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. மனம் உடைந்தவர்களை அனுப்புவதாக இருந்தால் இரண்டாம் தடவையும் சோறு போடுவோம். பரீதா பாரைமீன் ஆணமும் வெங்காயச் சம்பலும் வைத்தாள். ராத்தா இரண்டு பிடியோடு கையைக் கழுவினா. கபூர் நானா தங்கையின் பங்கையும் சேர்த்து நியாயம் செய்தார். பிறகு சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். "அஸர் தொழுகைக்கு முந்தி போகணும் ஹலீமா," என்றார். 'ஹலீமா' முடியும்போதே குறட்டை தொடங்கிவிட்டது.

தலை வலப்பக்கம் சரிந்தது. நாடி இறங்கி வாய் திறந்தது. ஒரு இலையான் வந்து மீசையில் இறங்கியது.

ராத்தா கதிரையை விட்டு எழும்பினா. மேசையில் கிடந்த பழைய பேப்பரை எடுத்து மடித்தா. தமையனின் முகத்துக்கு மேலே ஒரு தடவை விசிறினா. இரண்டாம் தடவை விசிறப் போன கை அந்தரத்தில் நின்றது.

"தம்பி," என்றா. "இஞ்ச வாங்களே."

போனேன்.

"வாயக் கொஞ்சம் மூடினா," என்றா, "இதான்."

பரீதா முன்னால் வந்து, தன்னுடைய வீட்டில் ஒரு பிற ஆணின் வாயை மூட முடியாத சங்கடத்தில், என்னைப் பார்த்தாள். நான் போய் நானாவின் நாடிக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினேன். வாய் மூடிக்கொண்டது. குறட்டை மூக்குக்கு மாறியது.

"மூடின கண் கண் இல்ல," என்றாள் பரீதா. "அது வெறும் தோல். கீறுங்க." ஹஸரத்துக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் அகப்படாத பத்வா அது.

புதுத் தாளை எடுத்தேன். வலப்பக்கம் திரும்பிய முகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இதில் அப்பக் கொலர் இல்லை, உள்சேட்டுத்தான் இருந்தது. நிழல் எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்க இந்த வீட்டில் உஸ்தாத் ஒருவரும் இல்லை, யன்னல்தான் இருந்தது. அதன் வெளிச்சம் கன்ன எலும்பில் ஏறி, மூக்கின் இந்தப் பக்கம் வழுக்கி, மீசைக்குள் போய் முடிந்தது. மூச்சுக்கு மூச்சு எல்லாம் ஏறி இறங்கியது. ஏறும்போது ஒரு கோடு. இறங்கும்போது ஒரு கோடு. எது சரி என்று கேட்க ஆளில்லாததால் இரண்டையும் விட்டேன்.

ராத்தா இலையான் விரட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தா. கண் என் தாளிலும் கை தமையனின் முகத்துக்கு மேலும் இருந்தன.

"தாடி இதவிடக் கொறய. நாடியில மட்டுந்தான். ஓம், அவ்வளவுதான்."

"புருவத்தில ஒரு வெட்டு. தூண்டில் இழுத்தது. இந்தப் பக்கம் தம்பி. அங்க முடி மொளைக்கல்ல."

"கன்னம் இன்னம் உள்ளுக்கு. நானா மாதிரித் திண்ட மனுசன் இல்ல அவரு."

கன்னத்தை விரலால் உள்ளே தள்ளினேன். செந்நிறக் கட்டியை எடுத்து, கடலில் வெந்த தோலுக்காக நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மெல்லப் பூசினேன். கண்ணிமையின் விளிம்பில், இரண்டு மயிரிழைக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி விட வேண்டியிருந்தது. வெள்ளைப் பாஸ்டலை எடுத்தேன், வைத்துவிட்டேன். தாளே போதுமான வெள்ளையாக இருந்தது.

எங்கோ ஓர் இடத்தில் ராத்தா சொல்வதை நிறுத்திவிட்டா. நான் கவனிக்கவில்லை. பேப்பர் விசிறுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவ கபூர் நானாவுக்கு விசிறவில்லை. என் பக்கமாகத் திரும்பி நின்று, தாளுக்கு மேலே விசிறிக்கொண்டிருந்தா.

கரியைக் கீழே வைத்தேன்.

காது கொஞ்சம் இறங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே என்ன செய்வது என்று தெரியாமல் விட்ட இடம் அப்படியே கிடந்தது. உஸ்தாத்மார் பார்த்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இத்தனை குற்றத்தையும் நானே முந்திச் சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும் என்று, இருபது வருசம் வகுப்பெடுத்த தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"ராத்தா, இதில காது வந்து—"

அவ விரலை உதட்டில் வைத்தா.

"மெள்ளத் தம்பி," என்றா. மூச்சு மட்டுந்தான் வந்தது. "இப்பத்தான் கண்ணயந்தாரு."

குசினி வாசலில் பரீதா கையில் வைத்திருந்த பீங்கானைச் சத்தம் வராமல் மேசையில் இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கபூர் நானாவுக்கு முழிப்பு வந்தது. கருவாட்டுக் கடையில் அவர் விலை சொன்னால் அடுத்த தெருவில் வாங்குவார்கள், அப்படிப்பட்ட தொண்டை. "என்ன சேர், முடிஞ்சா—" என்று அதே தொண்டையில் எழும்பினார்.

தங்கை திரும்பிப் பார்த்தா. அவ்வளவுதான். நானா தாளைப் பார்த்தார். இந்த முறை தூரவும் பிடிக்கவில்லை, கிட்டவும் பிடிக்கவில்லை, கண்ணாடியையும் துடைக்கவில்லை. பிறகு சாரத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கதிரையில் முட்டாமல், நுனிக்காலில் நடந்து முன்வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த செருப்பைக் காலில் மாட்டவில்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் முற்றத்துச் சரளைக் கல்லில் வெறுங்காலோடு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து வேலிப் படலை வரைக்கும் போனார்.